மொட்டை மாடி ஒன்று, வீடு பன்னிரண்டு: சோலார் யாருக்கு, எவ்வளவு?

மடிப்பாக்கத்தான்

மடிப்பாக்கத்தில் 12 வீடுள்ள அபார்ட்மென்ட். கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி, லிஃப்ட் உண்டு. மொட்டை மாடி கணக்குக்கு 3,500 சதுர அடி, ஆனால் படிக்கட்டு ரூம், லிஃப்ட் ரூம், இரண்டு சின்டெக்ஸ், ஏசி அவுட்டோர் யூனிட்டுகள், யாருமே பார்க்காத டிஷ் குடைகள் எல்லாம் போக, நிழல் விழாத இடம் என்று பார்த்தால் பாதி தேறினாலே அதிகம்.

இதில்தான் இப்போது சண்டை. மாடி சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று தெரிந்ததிலிருந்து ஆளாளுக்கு 3 கிலோவாட் வேண்டும் என்கிறார்கள். 12 வீட்டுக்கு 36 கிலோவாட். கிலோவாட்டுக்கு எண்பது சதுர அடி என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 2,900 சதுர அடி, அதற்கு சின்டெக்ஸ் மேலேயும் பேனல் போட வேண்டியதுதான். மேல்மாடிக்காரர் ஒருவர் தன் பத்திரத்தில் 'டெரஸ் ரைட்ஸ்' என்று எழுதியிருப்பதாகவும் மாடியே தனக்குத்தான் என்றும் சொல்கிறார். முதல் மாடியில் இருப்பவர்களுக்குத் துணி எங்கே காயவைப்பது என்ற கவலை. செகரட்டரி மூன்று கொட்டேஷன் வாங்கிவிட்டு, கலவரத்துக்குப் பயந்து யாரிடமும் காட்டாமல் வைத்திருக்கிறார்.

என் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 850, 900 யூனிட் ஓடுகிறது. இரண்டு ஏசி, வீட்டிலிருந்தே வேலை. எனக்கும் சோலார் வேண்டும், ஆனால் அடித்துப் பிடுங்கி வாங்க விருப்பமில்லை. அபார்ட்மென்டில் போட்டவர்கள் எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள்?

ஸ்லாப்_சிகாமணி

சார், ஆளுக்கு 3 கிலோவாட் என்பதே தப்பான இடத்தில் ஆரம்பிக்கிற பேச்சு. முதலில் பன்னிரண்டு வீட்டு ஈபி கார்டையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு சோலார் தேவையே இல்லை என்று தெரிந்துவிடும்.

சென்னையில் ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. 3 கிலோவாட் போட்டால் 720. உங்கள் 900 யூனிட்டுக்கு இன்றைய ரேட்டில் பில் கிட்டத்தட்ட ஆறாயிரம். அதில் 720 கழிந்தால் மிச்சம் 180 யூனிட், அதிலும் முதல் 100 இலவசம். சில்லறைக் கட்டணங்கள் தனி, ஆனாலும் பில் சில நூறு ரூபாய்க்கு வந்துவிடும். ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். போடுவதற்கு இரண்டு லட்சம், மானியம் போக ஒன்றேகால் லட்சத்துக்குள், ஆக நாலு வருஷத்தில் கைக்கு வந்துவிடும்.

இதையே 400 யூனிட் வீட்டுக்குப் போடுங்கள். அவருடைய பில்லே இன்று 1,200 ரூபாய் அளவுதான். ஒரு கிலோவாட் போட்டு 240 யூனிட் கழித்தால் ஆயிரம் ரூபாய் மிச்சம், ஆண்டுக்கு ஆறாயிரம். மானியம் போக 45,000 செலவு என்று வைத்தால் ஏழு வருஷம். 300 யூனிட் வீட்டுக்கு இதைப் பேசவே வேண்டாம், அவருக்கு அரசாங்கமே பாதிக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறது.

காரணம் நம் ஊர் ஸ்லாப், அதாவது யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறுகிற படிநிலை. 500 யூனிட்டில் நிற்பவர் சுமார் 1,800 கட்டுகிறார். 510-க்குப் போய்விட்டால், 101-லிருந்து 200 வரைக்கும் கிடைக்கிற மலிவு ரேட் போய்விடும், 500-க்கு மேல் உள்ள யூனிட்டுக்கு எட்டு ரூபாய் சொச்சம், ஆக 2,100-ஐத் தாண்டும். பத்து யூனிட்டுக்கு முந்நூறு ரூபாய். ஆயிரத்துக்கு மேல் போனால் ஒரு யூனிட்டே பதினொரு ரூபாய்க்கு மேல். அதனால் சோலாரின் வேலை மேலே இருக்கிற விலையுயர்ந்த யூனிட்டுகளை வெட்டுவது. பில்லைப் பூஜ்யமாக்கப் போகிறேன் என்று இறங்குகிறவர்கள் கடைசி 100 யூனிட்டை, அதுவும் சும்மா கிடைப்பதை, காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

வாடகைவீட்டு_வள்ளி

இலவச 100 யூனிட் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், வாடகைக்கு இருக்கிறவர்கள் பலருக்கு அது கண்ணில்கூடப் படாது. எங்கள் ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்குகிறார், முதல் யூனிட்டிலிருந்தே. பேனல் போடுவதற்கு எனக்கு மாடியும் இல்லை, கார்டும் இல்லை. என்னை மாதிரி ஆட்களுக்கு இந்த இழையில் ஏதாவது உண்டா, அல்லது அடுத்த இழைக்குப் போகட்டுமா?

ஸ்லாப்_சிகாமணி

மேடம், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் கொடுக்கிற உங்களுக்குத்தான் சிக்கனம் எங்களைவிட அதிகமாகக் கட்டுப்படியாகும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். குறைந்த கரண்டில் ஓடுகிற புது வகை பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் 30 வாட் அளவு. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். உங்கள் ரேட்டில் 360 ரூபாய். ஃபேன் விலை மூவாயிரம் சுமார், ஒன்றரை வருஷத்துக்குள் எடுத்துவிடலாம். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம், பழையதைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

பெரம்பூர்_ஓய்வு

மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்ன ஃபேன் கணக்கு சரிதான். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இந்த பிஎல்டிசி மோட்டார் உள்ளுக்குள் டிசியில், அதாவது பேட்டரி தருவது போல ஒரே திசையில் பாயும் கரண்டில், ஓடுவது. பேனல் தருவதும் டிசி, எல்இடி, செல்போன், லேப்டாப் எல்லாமே டிசி. நடுவில் ஏசியாக, அதாவது ஈபி லைனில் வருகிற மாறுதிசைக் கரண்டாக, மாற்றித் திரும்ப டிசியாக்குவதில் வீணாவதை மிச்சப்படுத்தலாம் என்று ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு 48 வோல்ட் டிசியில் வீட்டுக்கான ஏற்பாடு ஒன்றைச் செய்து காட்டினார்கள். நல்ல யோசனை. ஆனால் கடையில் மிக்ஸியும் கிரைண்டரும் ஏசியில்தானே விற்கிறார்கள், நம் வீடுகளில் அது பிடிக்கவில்லை.

அப்புறம் மடிப்பாக்கம் தம்பிக்கு. பேனலைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஈபி லைனோடு இணைந்து ஓடுகிற ஆன்கிரிட் சோலார் போட்டால் கரண்ட் போகும்போது உங்கள் சோலாரும் போய்விடும். பட்டப்பகல், உச்சி வெயில், மாடியில் மூன்று கிலோவாட் இருந்தும் வீட்டில் ஃபேன் ஓடாது. இதைக் கேட்டு அதிர்ச்சியாகாத ஆளை நான் பார்த்ததில்லை.

வேளச்சேரி_படகுத்துறை

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மழை விட்டு வெயில் பளிச்சென்று அடிக்கிறது, கீழே இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, எதிர் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேனல் மின்னிக்கொண்டு நிற்கிறது, அந்த வீட்டுக்காரர் எங்களிடம் பவர் பேங்க் கேட்டு வந்தார். ஐயா சொல்வதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஏன் அப்படி என்று யாராவது விளக்கினால் புண்ணியம்.

பெரம்பூர்_ஓய்வு

ஆன்கிரிட் இன்வெர்ட்டருக்குச் சொந்தமாகத் தாளம் கிடையாது. பஜனையில் பின்பாட்டுப் பாடுகிறவர் மாதிரி, ஈபி லைனில் வருகிற 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டுதான் அது பாடும், முன்பாட்டுக்காரர் நிறுத்தினால் இவரும் நிறுத்திவிடுவார். இது குறையென்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். லைன் அறுந்து கிடக்கும்போது ஒருவர் கம்பத்தில் ஏறி வேலை செய்வார். அந்த நேரம் உங்கள் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குள் போனால் அவர் உயிர் போகும். கம்பத்தில் ஏறியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பாதுகாப்பை ஏமாற்றி வயர் கொடுக்கிறேன் என்று எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். லித்தியம் பேட்டரி நாலு ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், வைஃபைக்குத் தாங்குகிற அளவில் வாங்கினாலே செலவு பெரிதாக ஏறும், மானியம் பேனல் அளவுக்குத்தான், பேட்டரிக்குக் கிடையாது. ஏற்கெனவே வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருப்பவர்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டு, சோலாரைத் தனியாக ஆன்கிரிட்டில் போடுவது நடுத்தரக் குடும்பத்துக்குப் போதும் என்பது என் கருத்து.

வக்கீலுக்குப்_படித்தவள்

டெரஸ் ரைட்ஸ் கதைக்கு வருகிறேன். 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்கிறோமே, அதில் பொதுப் பகுதிகள் என்ற வரையறைக்குள் படிக்கட்டு, லிஃப்டோடு மொட்டை மாடியும் பெயர் சொல்லியே வருகிறது. அதன்கீழ் வருகிற கட்டடம் என்றால் பில்டர் மாடியைத் தனியாக ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது நிற்பது கஷ்டம். அதற்கு முந்தைய கட்டடம் என்றால் எல்லோருடைய பத்திரத்தையும் படிக்க வேண்டும். ஒருவர் பத்திரத்தில் டெரஸ் ரைட்ஸ் என்றும், மற்ற பதினொரு பேர் பத்திரத்தில் மாடி பொது என்றும் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், இரண்டும் எழுதியது ஒரே பில்டர்தான். பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது யுடிஎஸ், எல்லோருக்கும் உண்டல்லவா, அந்த விகிதத்தை வைத்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-இல் வந்திருக்கிறது. உங்கள் அசோசியேஷன் பதிவானதா, பைலாவில் பொது இடத்தை ஒருவர் பயன்படுத்த என்ன தீர்மானம் தேவை என்று எழுதியிருக்கிறது, இதைப் பாருங்கள். வாய்ப்பேச்சில் ஒருவர் பேனல் போட அனுமதித்துவிட்டு, ஐந்து வருஷம் கழித்து அவர் வீட்டை விற்கும்போது வாங்குகிறவர் பேனல் வைத்த இடமும் எனக்குத்தான் என்பார். இடம் அசோசியேஷனுடையது, பேனல் மட்டும் இவருடையது, மாடி ரிப்பேர் வந்தால் சொந்தச் செலவில் கழற்றித் தர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

மடிப்பாக்கத்தான்

மேல்மாடிக்காரர் பத்திரத்தைக் காட்ட மாட்டேன் என்கிறார். இருக்கிறது என்று மட்டும் சொல்கிறார்.

வக்கீலுக்குப்_படித்தவள்

பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து நகல் வாங்கலாமே. வாங்கிப் பாருங்கள்.

தெற்குமாட_மாமி

நான் மயிலாப்பூர். நீங்கள் யாரும் கேட்காத கேள்வி, மாசி பங்குனியில் வடாம் எங்கே போடுவது? சிரிக்காதீர்கள். எங்கள் பழைய ஃப்ளாட்டில் ஒருவர் பேனலைத் தரையோடு தரையாக, முழங்கால் உயரத்தில் போட்டுவிட்டார். கீழே கூட்ட முடியாது, மழைத்தண்ணீர் போகிற வாட்டம் அடைத்துக்கொண்டது, காக்கையும் புறாவும் குடித்தனம் வந்துவிட்டன, அந்த மூலையே யாருக்கும் உபயோகமில்லாமல் போனது. இப்போது இருக்கிற கட்டடத்தில் எட்டடி உயரத்தில் தூண் நிறுத்தி மேலே போட்டிருக்கிறார்கள். நிழலில் கொடி கட்டித் துணி காய்கிறது, சாயம் போவதில்லை, சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காரலாம், கீழே இருக்கிற வீட்டுக்கும் சூடு குறைச்சல். வடாத்துக்கு மட்டும் கிழக்குப் பக்கம் பத்தடி விடச் சொல்லி வாங்கினேன்.

திருவான்மியூர்_உப்புக்காத்து

மாமி, உயரத் தூக்கினால் வசதிதான், ஆனால் காற்று. கட்டடங்கள் மேல் காற்றின் தாக்கத்தைக் கணக்கிடும் இந்தியத் தர விதி ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர் என்று போட்டிருக்கிறது. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 வார்தா புயல் வந்தபோது என்ன ஆனது என்று நமக்குத் தெரியும், மரமே வேரோடு சாய்ந்தது. பேனல் பெரிய தட்டு, கீழிருந்து காற்று புகுந்தால் தூக்கப் பார்க்கும். கொட்டேஷன் கொடுப்பவரிடம் ஸ்ட்ரக்சர் எந்தக் காற்று வேகத்துக்கு டிசைன் என்று கேளுங்கள். முழிப்பவரைத் தள்ளிவிடலாம்.

அடுத்தது இரும்பு. கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் சொல்வதைக் கேளுங்கள். இங்கே பெயின்ட் அடித்த எம்எஸ், அதாவது சாதா இரும்பு, ஆங்கிளில் இரண்டாவது மழைக்காலத்திலேயே வெல்டிங் இடங்களில் செம்மண் நிறத்தில் ஒழுகத் தொடங்கிவிடும். முதலில் வெல்டு, பிறகு போல்ட் தலை, பிறகு பேஸ் பிளேட் தளத்தோடு ஒட்டுகிற விளிம்பு என்ற வரிசையில்தான் அரிக்கும். ஹாட் டிப் கால்வனைஸ், அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு கொடுத்தது, குறைந்தது 80 மைக்ரான், அதுவும் துளை போட்டு வெட்டி முடித்த பிறகு முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். மாடியில் கொண்டுவந்து ட்ரில் போட்டால் அந்த ஓட்டையில் துத்தநாகம் கிடையாது, துரு அங்கேதான் பிடிக்கும். கடலுக்குத் தள்ளி இருப்பவர்களுக்கு போல்ட் 304 ஸ்டெயின்லெஸ் போதும், கடலோரத்துக்கு 316 கேளுங்கள். பேனல் 25 வருஷம் வாரன்டி என்பார்கள், அதைத் தாங்குகிற கால் எட்டு வருஷத்தில் போனால் வாரன்டி எதற்கு?

மடிப்பாக்கத்தான்

தளத்தில் துளை போட்டால் ஒழுகும் என்று மேல்மாடிக்காரர் பயப்படுகிறார். அது மட்டும் நியாயமான பயம்தான் என்று எனக்கும் தோன்றுகிறது.

திருவான்மியூர்_உப்புக்காத்து

நியாயமான பயம். தட்டோட்டை உடைத்துத் துளை போடுவதற்குப் பதில் கான்கிரீட் பீடம் கட்டி, அதில் கெமிக்கல் ஆங்கர் போட்டு நிறுத்துவார்கள். முடிந்தவரை பீம், தூண் வருகிற கோட்டின் மேல் பீடம் வரட்டும். பீடம் போடுவதற்கு முன்பே மாடி ஒழுகல் வேலையை முடித்துவிடுங்கள். பேனல் வந்த பிறகு அதன் கீழே குனிந்து வாட்டர்ப்ரூஃப் அடிக்க எந்த ஆளும் வர மாட்டான், வந்தால் இரட்டைக் கூலி.

ஸ்லாப்_சிகாமணி

நடுவில் நிழல் விஷயத்தை விட்டுவிட்டோம். ஆகஸ்டில் வந்து மாடியைப் பார்த்துவிட்டு, இங்கே நிழலே இல்லை சார் என்று சொல்லிப் போகிற சேல்ஸ் பையன்களை நம்பாதீர்கள். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சியில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், அப்போது தெற்கே இருக்கிற படிக்கட்டு ரூம் பேனலுக்கு ஒன்றும் செய்யாது. டிசம்பரில் சூரியன் தெற்கே இறங்கிவிடும். பத்தடிச் சுவருக்கு நண்பகலிலேயே ஏழடிக்கு மேல் நிழல், மூன்று மணிக்கு மேல் இன்னும் நீளும். சின்டெக்ஸ் நிழல் ஒரு பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் அதே வரிசையில் தொடராக இணைத்திருக்கிற மற்றவற்றின் உற்பத்தியும் அடிவாங்கும். நிழல் விழுந்த பகுதியை விட்டுக் கரண்டைச் சுற்றிக் கடத்துகிற பைபாஸ் டயோடு ஓரளவு காப்பாற்றும், ஓரளவுதான். சாய்வு தெற்கு நோக்கிப் பத்திலிருந்து பதினைந்து டிகிரி போதும்.

கேட்கப்படாத இன்னொரு கேள்விக்கும் பதில்: மே மாதம்தான் அதிகம் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், வராது. பேனலின் வாட் கணக்கு செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் கத்திரி வெயிலில் செல் அறுபதைத் தாண்டும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் சுமார் குறையும், கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டு பதின்மூன்று சதவீதம் போச்சு. பிப்ரவரி, மார்ச்தான் அருமையான மாதங்கள். ஐப்பசி கார்த்திகையில் மேகம் கட்டினால் பாதியும் வராது. மிஞ்சியது அடுத்த பில்லுக்கு வரவு வைக்கப்படுவதால் ஆண்டுக் கணக்காகத்தான் பார்க்க வேண்டும், ஒரு நவம்பர் பில்லை வைத்து ஏமாந்துவிட்டோம் என்று குதிக்கக்கூடாது.

எண்ணூர்க்காரி

நாலு வருஷமா ஏழு வருஷமா என்ற கணக்கை எல்லாம் படித்தேன். நல்ல கணக்கு. ஆனால் எங்கள் பக்கம் நிலக்கரி எரிகிறது, கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்திருப்பது ஊரறிந்தது, கருப்புத் துணியைக் கொடியில் போட்டால் சாயங்காலம் விரல் வைத்துக் கோடு போடலாம். தென்சென்னையில் இரண்டு ஏசி ஓடுவதற்கு வடசென்னையில் புகை. அதனால் 300 யூனிட் வீட்டுக்கு இது தேவையில்லை என்று சிகாமணி அண்ணா எழுதுவது எனக்கு உறுத்துகிறது. லாபம் வராவிட்டால் போடவே வேண்டாமா?

ஸ்லாப்_சிகாமணி

தங்கச்சி, 300 யூனிட்டில் குடும்பம் நடத்துகிற வீடு ஏற்கெனவே உங்கள் ஊருக்கு நல்லது செய்கிற வீடு. மாடியில் இருப்பது 1,500 சதுர அடி. அதை 900 யூனிட் வீடு எடுத்தால் நிலக்கரி குறைவது அதே அளவுதான், யார் பெயரில் மீட்டர் என்பது புகைக்குத் தெரியாது.

எண்ணூர்க்காரி

சரி. ஆனால் அந்த 900 யூனிட் வீடு சோலார் வந்த தைரியத்தில் மூன்றாவது ஏசி வாங்கினால்? எங்கள் உறவில் ஒருவர் அப்படித்தான் செய்தார். மாடியில் பேனல், வீட்டுக்குள் 18 டிகிரியில் போர்வை. அதைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுங்கள்.

தெற்குமாட_மாமி

எண்ணூர்ப் பெண் கேட்டது சரியான கேள்வி.

பெரம்பூர்_ஓய்வு

நான் எழுதுகிறேன். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரை உள்ள ரூம் ஏசி எல்லாம் ஆன் செய்தால் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி. ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீத அளவுக்கு மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லிவருவது. 18-க்கும் 26-க்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 26-இல் வைத்து மெதுவாக ஃபேனையும் சுழலவிட்டால் அதே சுகம்.

அதற்கும் முன்னால் மாடி. மேல்மாடி வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கும் சீலிங்கில் கை வைத்தால் சுடுகிறதே, பகல் முழுக்க வாங்கிய வெயிலைத் தளம் ராத்திரி இறக்குகிறது. ஏசி அந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது. வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பூச்சு அடிக்கலாம், வெள்ளை ஓடு பதிக்கலாம். அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குக் கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கனமாகக் கட்டினார்கள், அதனால்தான் ஃபேன்கூட இல்லாமல் படுக்க முடிந்தது. பேனல் வருகிற இடத்தில் தளத்துக்கு நிழல் எப்படியும் கிடைக்கும், மிச்ச இடத்துக்கு வெள்ளை அடியுங்கள். மேல்மாடிக்காரரைச் சமாதானப்படுத்த இதுவே நல்ல வழி, மானியத்தைவிட அவருக்கு இதில் லாபம்.

வேளச்சேரி_படகுத்துறை

சோலார் வாட்டர் ஹீட்டரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று பார்த்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது, சித்திரையில் நம் மொட்டை மாடித் தொட்டியே ஹீட்டர்தான், மதியம் குளித்தால் தோல் உரியும்.

மடிப்பாக்கத்தான்

செகரட்டரியிடம் பேசினேன். எல்லோருடைய யூனிட்டையும் வாங்கிப் பார்த்தோம். 500-க்கு மேல் போகிறவர்கள் நாலே வீடு. பொது இணைப்பில் லிஃப்ட், போர் மோட்டார், தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் அளவு. அதற்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கட்டுகிறோம், ஸ்லாபும் இல்லை, இலவசமும் இல்லை. அதனால் முதலில் பொது இணைப்புக்குப் போடலாமா என்று பேச்சு போகிறது. அதற்கு மானியம் குறைவு என்கிறார்களே?

ஸ்லாப்_சிகாமணி

குறைவுதான். தனி வீட்டுக்கு முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 30,000 வீதம், மூன்றாவதுக்கு 18,000. குடியிருப்புச் சங்கத்தின் பொது இணைப்புக்கு எல்லா கிலோவாட்டுக்கும் 18,000 மட்டும். உங்களுக்கு 4 கிலோவாட் போதும், மாதம் 480 யூனிட் வரும். கிலோவாட் 65,000 என்றால் 2,60,000. மானியம் 72,000. மிச்சம் 1,88,000-ஐப் பன்னிரண்டால் வகுங்கள், வீட்டுக்குப் பதினாறாயிரத்துக்குள். ஆண்டுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் பொது பில் குறையும். நாலரை வருஷத்தில் சமம்.

2022 செப்டம்பரில் பொது இணைப்புக்கு எட்டு ரூபாய் ஆக்கியபோது எல்லா அபார்ட்மென்டும் அலறியது, 2023 அக்டோபரில் முதலமைச்சர் அறிவித்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள், ஆனால் அது பத்து வீட்டுக்கு மேற்போகாமல், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். உங்களுக்கு லிஃப்ட்டும் இருக்கிறது, பன்னிரண்டு வீடும் இருக்கிறது. அதனால் பொது இணைப்புக்கு சோலார் கட்டுப்படியாகும். அப்புறம் மிச்ச இடத்தில் அந்த நாலு வீடு தலைக்கு 3. மொத்தம் 16 கிலோவாட், 1,300 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. மாமிக்குப் பத்தடியும் விடலாம்.

வாடகைவீட்டு_வள்ளி

கேட்டதற்குச் சொல்லுங்கள், அந்த நாலு வீட்டுக்காரர்கள் பொது மாடியைப் பயன்படுத்தி ஆண்டுக்கு முப்பதாயிரம் மிச்சம் பிடிப்பார்கள். மற்ற எட்டுப் பேருக்கு என்ன? அவர்கள் பங்கு மனையும் அதில் இருக்கிறதே.

வக்கீலுக்குப்_படித்தவள்

வள்ளி கேட்பது சட்டப்படியும் சரி. நாலு பேரும் எடுத்துக்கொள்கிற சதுர அடிக்கு அசோசியேஷனுக்கு ஒரு தொகை கட்டட்டும், அது பராமரிப்புக் கணக்கில் சேரட்டும். மாடி ஒன்று, மீட்டர் பல என்ற இந்தச் சிக்கலுக்கு டெல்லியில் 2019-லேயே விர்ச்சுவல் நெட் மீட்டரிங் என்று விதிமுறை கொண்டுவந்தார்கள். ஒரே இடத்தில் எல்லோருக்குமாகப் பேனல், வருகிற யூனிட்டை ஒப்பந்தப்படி ஒவ்வொருவர் பில்லிலும் கழிப்பார்கள். வாடகைக்கு இருப்பவருக்குக்கூட அதில் பங்கு கொடுக்க முடியும். சென்னையைப் போல அடுக்குமாடி நிறைந்த ஊருக்கு அதுதான் வேண்டும். தனித்தனியாக மாடியைக் கூறு போடுவதெல்லாம் ஒப்பேற்றல்தான்.

ஸ்லாப்_சிகாமணி

சதுர அடிக்கு வாடகை போட்டால் திரும்பி வருகிற காலம் ஐந்து ஆறு வருஷமாகும், அந்த நாலு பேரும் போட மாட்டார்கள். பிறகு மாடி காலியாகத்தான் கிடக்கும்.

எண்ணூர்க்காரி

ஐந்து வருஷத்தில் திரும்பி வந்து, அதற்கப்புறம் இருபது வருஷம் சும்மா ஓடுகிற பொருளுக்கு அவ்வளவு யோசனையா அண்ணா?

பெரம்பூர்_ஓய்வு

அவர்கள் சண்டை போடட்டும், நான் வேலைக்கு வருகிறேன். பொது இணைப்புக்குப் போடும்போது மிஞ்சியதை யூனிட்டாகவே பில்லில் கழிக்கிற நெட் மீட்டரிங்கா, மிச்சத்துக்குத் தனி விலையா என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதுவாக இருந்தாலும் பகலில் வருவதைப் பகலிலேயே செலவழிப்பதுதான் நல்லது. உங்கள் வாட்ச்மேன் காலை ஐந்து மணிக்கு மோட்டார் போடுவார், எல்லா அபார்ட்மென்டிலும் அப்படித்தான். பதினொரு மணிக்கு ஒரு முறை, இரண்டு மணிக்கு ஒரு முறை என்று டைமர் வையுங்கள். தொட்டி ராத்திரிக்கும் விடிகாலைக்கும் தாங்கும்.

10 கிலோவாட் வரை லைன் தாங்குமா என்கிற டெக்னிக்கல் ஃபீசிபிலிட்டி பார்க்க வேண்டியதில்லை என்று 2024-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது, அதனால் அந்தப் பெயரில் தனியாகப் பணம் கேட்கிற இடைத்தரகரை நம்ப வேண்டாம். மானியம் வேண்டுமென்றால் உள்நாட்டில் செய்த செல்லும் பேனலும்தான் போட வேண்டும், கொட்டேஷனில் டிசிஆர் என்று இருக்கிறதா பாருங்கள். டிசிஆர் இல்லாத பேனல் விலை குறைவாக இருக்கும், அதைக் காட்டி மயக்குவார்கள். 2025 செப்டம்பரிலிருந்து சோலார் சாமான்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆகிவிட்டது, செகரட்டரியின் கொட்டேஷன் அதற்கு முந்தையது என்றால் புதிதாகக் கேளுங்கள்.

மடிப்பாக்கத்தான்

கொட்டேஷன் மூன்றும் பழசு. புதிதாகக் கேட்கிறோம். கூட்டத்தில் பொது இணைப்புக்கு ஒன்பது பேர் சரி என்றார்கள். தனி வீட்டுக்குச் சதுர அடிக்குப் பணம் என்பதில் இன்னும் இழுபறி, சிகாமணி சார் சொன்ன மாதிரியே இரண்டு பேர் பின்வாங்கிவிட்டார்கள். மேல்மாடிக்காரர் பத்திரத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு வெள்ளைப் பூச்சு எந்த கம்பெனி என்று கேட்கிறார்.

இரண்டு சந்தேகம். பேனல் கழுவ எங்கள் போர் தண்ணீர் ஆகுமா? பயங்கர உப்பு. இன்வெர்ட்டரைப் பார்க்கிங்கில் மீட்டர் போர்டு பக்கத்தில் மாட்டலாமா?

திருவான்மியூர்_உப்புக்காத்து

போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைப் படலம் பிடிக்கும், தேய்த்து எடுத்தால் கண்ணாடியின் பூச்சு போகும். மெட்ரோ தண்ணீர், இல்லாவிட்டால் மழைநீர்த் தொட்டி வைத்திருந்தால் அது. 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், உங்கள் கட்டடத்தில் பைப் இருக்கும், அது எங்கே போகிறது என்று ஒரு நாள் பின்தொடர்ந்து பாருங்கள், பல இடங்களில் நேராகத் தெரு வடிகாலுக்குப் போகும். கழுவுவது காலை ஏழு மணிக்குள், பேனல் சூடாவதற்கு முன். சோப்பு வேண்டாம், நீளக் கைப்பிடி உள்ள மெத்தென்ற வைப்பர் போதும். காக்கை எச்சத்தை மட்டும் காய விடாதீர்கள், அந்த ஒரு இடம் சூடேறி செல்லைப் பாழாக்கும்.

வேளச்சேரி_படகுத்துறை

பார்க்கிங்கில் இன்வெர்ட்டரா? மடிப்பாக்கத்தில்? 2015-லும் 2023-லும் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று சுவரில் கறை இருக்கும், அதற்கு இரண்டடி மேலே மாட்டுங்கள்.

பெரம்பூர்_ஓய்வு

அதைவிடப் படிக்கட்டு ரூமின் வடக்குச் சுவரில், மேலே ஒரு சின்ன சன்ஷேடு போட்டு மாட்டுங்கள். நேர் வெயில் படக்கூடாது, சுற்றிலும் ஒரு அடி காற்றோட்டம் வேண்டும். டிசி வயர் நீளம் குறையும், கீழே ஏசி வயர் மட்டும் இறங்கும். எர்த்திங் தனித்தனிக் குழியாகப் போடச் சொல்லுங்கள், பேனல் ஸ்ட்ரக்சருக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. ஒரே குழியில் மூன்றையும் முறுக்கிவிட்டுப் போகப் பார்ப்பார்கள், குழி தோண்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.